தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேலையோடு சேர்த்து ஒரு சிறுதொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சம்பளமோ விவசாய வருமானமோ குடும்பச் செலவுக்குப் போதாத நிலையில், கூடுதலாக ஏதேனும் செய்ய முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இக்கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன. முழுநேரத் தொழிலைப் பற்றி இங்கே பேசவில்லை. இருக்கும் வேலையை விடாமல் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடியவற்றைப் பற்றியே பேசுகிறோம். கணக்குகளில் வரும் பொருள் விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் அன்றைய விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எந்தத் தொழிலைத் தொடங்கலாம்?

இந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். உங்களிடம் வாங்கக்கூடிய முப்பது பேர் யார், அவர்கள் இப்போது அந்தப் பொருளை எங்கே, என்ன விலைக்கு வாங்குகிறார்கள், அவர்களுக்கு அங்கே என்ன குறை என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். பெயர்களை எழுத முடியவில்லை என்றால் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள். தோல்வியடைந்த சிறுதொழில்கள் பலவற்றில் இயந்திரம் முதலில் வந்திருக்கும், வாடிக்கையாளர் கடைசியில் வந்திருப்பார் அல்லது வராமலே போயிருப்பார். தையல் இயந்திரம், மாவு அரைக்கும் இயந்திரம், பாக்குமட்டைத் தட்டு அச்சு போன்றவை திண்ணையில் துணி மூடிக் கிடப்பதை நம் ஊர்களில் எவரும் பார்த்திருக்கலாம்.

ஆகவே அந்தப் பத்தாயிரத்தில் முதல் இரண்டாயிரத்துக்கு மட்டும் பொருள் செய்து, முன்பே பேசி வைத்த முப்பது பேரிடம் விற்றுப் பாருங்கள். முதல் முறை உறவுக்காகவும் பழக்கத்துக்காகவும் வாங்குவார்கள். அவர்களே மறுபடி கேட்கிறார்களா என்பதுதான் உண்மையான சோதனை. பாதிப் பேராவது இரண்டாம் முறை கேட்ட பிறகே மீதிப் பணத்தைத் தொடுங்கள்.

இந்த இரு மாவட்டங்களில் எந்தப் பொருள்களுக்கு இயல்பாகவே வாய்ப்பு இருக்கிறது?

மூலப்பொருள் அருகில் மலிவாகக் கிடைப்பதும், விற்கும் இடம் எட்டும் தூரத்தில் இருப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் வாய்ப்பு. அந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது கேழ்வரகு. தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளையும் பகுதிகளில் இவ்விரு மாவட்டங்களும் முன்னணியில் உள்ளன. 2023ஆம் ஆண்டில் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியபோது நீலகிரியோடு தருமபுரியைத்தான் தேர்ந்தெடுத்தது. களிக்கான சாதாரண மாவை உள்ளூரில் விற்பது கடினம், ஏனென்றால் அதை எல்லோரும் வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறார்கள். முளைகட்டிய மாவு, குழந்தைகளுக்கான சத்துமாவு, கேழ்வரகு முறுக்கு, பக்கோடா போன்ற உழைப்புச் சேர்ந்த பொருள்களுக்கே கூடுதல் விலை கிடைக்கும். அவற்றை வாங்குபவர்களும் ஓசூரிலும் பெங்களூரிலும்தான் அதிகம். மலையோர ஊர்களில் விளையும் சாமையின் நிலையும் இதுவே. உமி நீக்கிச் சுத்தம் செய்த சாமை அரிசிக்கும் விளைந்தபடி விற்கும் சாமைக்கும் இடையே உள்ள விலை வேறுபாடுதான் உங்கள் வருமானம்.

அடுத்தது புளி. தை முதல் சித்திரை வரை உலுக்கப்படும் புளி, பருவத்தில் மலிந்து, மழைக்காலத்தில் விலை ஏறுவது வழக்கம். ஓட்டுடன் வாங்கினால் ஓடு, நார், கொட்டை எல்லாம் போகச் சதை ஏறத்தாழ பாதியளவே நிற்கும் என்பதை மறந்து விலை பேசி ஏமாந்தவர்கள் உண்டு. ஆனால் புளியங்கொட்டைக்கும் தனியே விலை உண்டு. ஒருவர் மாலை நேரத்தில் தட்டி, கொட்டை எடுத்து, அரைக்கிலோ, ஒருகிலோப் பொட்டலங்களாகக் கட்டி ஆண்டு முழுவதும் விற்கலாம். கெடாத பொருள் என்பதால் வேலைக்குப் போகிறவருக்கு இது மிகவும் ஏற்றது. நன்றாக உலர்த்தாமல் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், உப்புச் சேர்ப்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மாங்காயைப் பற்றிச் சொல்லாமல் கிருஷ்ணகிரியைக் கடக்க முடியாது. பெங்களூரா என்று நாம் அழைக்கும் கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகிறது; ஆலை விலை விழும் ஆண்டுகளில் தோட்டத்திலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும் காயை உப்பில் போட்டோ, வற்றலாக உலர்த்தியோ, ஊறுகாயாக்கியோ வைத்தால் மற்ற மாதங்களில் விற்கலாம். பழமாக விற்பவர்கள் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வைக்கோலில் பழுக்க வைத்த செந்தூராவையும் அல்போன்சாவையும் தெரிந்தவர்களுக்குப் பெட்டிக் கணக்கில் அனுப்புகிறவர்கள் இரண்டு மாதத்தில் கணிசமாகவே சம்பாதிக்கிறார்கள், ஆனால் அது அந்த இரண்டு மாத வருமானம் மட்டுமே.

இவை தவிர, தட்டை போன்ற நிப்பட்டும் முறுக்கும் எந்த ஊரிலும் விற்கும். பர்கூரின் மொத்த ஜவுளிக் கடைகளில் சேலையும் நைட்டியும் வாங்கித் தெருவிலும் அலுவலகத்திலும் விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அதில் லாபத்தைவிடத் தவணைப் பாக்கியை வசூலிக்கும் திறமைதான் முக்கியம். பட்டுக்கூடு வளர்ப்பு நல்ல வருமானம் தருவதே என்றாலும், மல்பெரித் தோட்டமும் தண்ணீரும் புழு வளர்ப்பு மனையும் நாள் முழுவதும் ஓர் ஆளும் தேவைப்படுவதால் அதை ஓய்வுநேரத் தொழில் என்று சொல்ல முடியாது.

ஓசூரில் ஷிப்ட் வேலை. எனக்கு எது ஒத்துவரும்?

ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவர், தினமும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய எதையும் தொடங்கக் கூடாது. காலைச் சிற்றுண்டிக் கடை, பால் கறவை, இட்லி மாவு விநியோகம் ஆகியவை ஒரு நாள் தவறினாலும் வாடிக்கையாளரை இழக்கும் தொழில்கள். வீட்டில் உள்ள இன்னொருவர் முழுப் பொறுப்பேற்றால் மட்டுமே அவை நடக்கும். உங்களுக்கு ஏற்றவை இருப்பு வைத்து விற்கக்கூடியவை (புளி, ஊறுகாய், மசாலாப் பொடி), நாள் குறித்துச் செய்யக்கூடியவை (விழாக்களுக்கு ஒலிபெருக்கி, நாற்காலி வாடகை), அல்லது கைத்தொழில் அறிவைக் கொண்டு ஆர்டர் வரும்போது செய்பவை (மின்பணி, மோட்டார் காயில் கட்டுதல், வண்டி பழுதுபார்ப்பு).

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் சரக்கு ஏற்றிக்கொண்டு இருசக்கர வாகனத்தில் நெடுஞ்சாலையில் போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியான சாலை எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

வாரச்சந்தையில் கடை போடுவது லாபமா?

வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓய்வு உள்ளவருக்குச் சந்தையைவிட நல்ல இடம் இல்லை என்பதே எங்கள் கருத்து. ஞாயிற்றுக்கிழமை கூடும் போச்சம்பள்ளிச் சந்தைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களே திரண்டு வருகின்றன. காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை கூடுகிறது. கடை வாடகை, முன்பணம், மின்கட்டணம் ஆகிய எதுவும் இல்லாமல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் உங்கள் பொருளைப் பார்க்கிறார்கள். சந்தை வசூலை உள்ளாட்சி அமைப்பிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவர் வாங்குவார். நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பணம் கொடுக்கும்போது ரசீது கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம் எதுவும் கொண்டு போகாமல் சந்தையைச் சுற்றிப் பார்ப்பது வீண் வேலை அல்ல. எந்த வரிசையில் எந்தப் பொருள் விற்கிறது, கூட்டம் எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறது, மாலையில் விலை எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய வியாபாரியின் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் வராது.

சந்தைக்கு வெளியே, அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அட்டமி நாளிலும், ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்கிலும் விடுமுறை நாள்களிலும் கூட்டம் உண்டு. அங்கே உள்ளாட்சி அல்லது கோயில் நிர்வாகத்தின் அனுமதி பெற்றே கடை போட வேண்டும்.

விலையை எப்படித் தீர்மானிப்பது?

பக்கத்துக் கடைக்காரர் எழுபது ரூபாய்க்கு விற்கிறார், நான் அறுபத்தைந்துக்குத் தருகிறேன் என்று தொடங்குவது பெரும்பாலானவர்களின் வழக்கம். அப்படிச் செய்பவர்கள் தங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பதை ஆறு மாதம் கழித்துத்தான் உணர்கிறார்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவுக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம்.

பத்துக் கிலோ கேழ்வரகு கிலோ 45 ரூபாய் வீதம் 450 ரூபாய். அரைக்கூலி 80, வறுக்க எரிவாயு 50, போக்குவரத்து 72 என்று வைத்துக்கொள்வோம். கல், தூசி, முளைகட்டி உலர்த்துவதில் குறையும் எடை எல்லாம் போக ஒன்பது கிலோ மாவு நின்றால் அரைக்கிலோப் பொட்டலம் 18 கிடைக்கும். உறைக்கும் சீட்டுக்கும் பொட்டலத்துக்கு 6 ரூபாய் வீதம் 108. மொத்தம் 760 ரூபாய். ஒரு பொட்டலத்துக்கு 42 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது. இதை 70 ரூபாய்க்கு நேரடியாக விற்றால் 1,260 ரூபாய் வரும், 500 ரூபாய் மிஞ்சும். ஊறவைப்பது முதல் ஒட்டுவது வரை ஐந்து மணி நேரம் பிடித்தது என்றால் மணிக்கு நூறு ரூபாய்.

இதே பொட்டலத்தை மளிகைக் கடையில் வைக்கச் சொன்னால் கடைக்காரர் நூற்றுக்கு இருபது வீதம் கழிவு கேட்பார். அப்போது உங்களுக்கு வருவது 56 ரூபாய். மொத்தத்தில் மிஞ்சுவது 248. மணிக்கு ஐம்பது ரூபாய்கூடத் தேறவில்லை. இரண்டு பொட்டலம் விற்காமல் திரும்பி வந்து வீணாகிவிட்டால் மிச்சம் 136 ரூபாயாகச் சுருங்குகிறது, அதாவது மணிக்கு 27 ரூபாய். பொருள் ஒன்றே, விலை ஒன்றே. விற்ற வழி மாறியதால் மட்டும் கூலி நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

எனவே ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து, அதைச் செலவோடு சேர்த்து, கடைக்காரரின் கழிவையும் திரும்பி வரும் பொருளையும் கணக்கில் கொண்டு விலை வையுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று தோன்றினால், விலையைக் குறைக்காமல் பொருளை மாற்றுவதே நல்லது. வீட்டில் அம்மாவோ மனைவியோ செய்யும் வேலைக்கும் கூலி போட வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லாத காலம் வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை.

உணவுப் பொருள் விற்க என்ன பதிவு தேவை?

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர் உரிமம் பெற வேண்டியதில்லை, பதிவு மட்டும் போதும். அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நூறு ரூபாய் வேலைக்கு மூவாயிரம், நான்காயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை வெளிப்படையாக எழுதுகிறோம்.

பதிவு எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. நிப்பட்டு, முறுக்கு போன்றவற்றில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் பொருள் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துத் திரும்பி வரும். பெரும்பாலான புகார்கள் இதனால்தான் வருகின்றன.

பொட்டலத்தின் மேல் என்ன அச்சிட வேண்டும்? தராசுக்கும் முத்திரை வேண்டுமா?

பொருளின் பெயர், தயாரிப்பவர் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானங்கள், சைவ அல்லது அசைவக் குறி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் மின்னணுத் தராசை ஆண்டுக்கொருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை பெறுவது கட்டாயம். சமையலறைத் தராசில் நிறுத்துக் கட்டிய பொட்டலம் அனுமதித்த அளவுக்கு மேல் எடை குறைந்தால் தண்டம் விழும்.

பெங்களூருக்கு விற்றால் ஜிஎஸ்டி கட்டாயமா?

இந்தக் கேள்வி மதுரையில் இருப்பவருக்கு அவ்வளவு முக்கியமில்லை, நமக்கு மிக முக்கியம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரையிலும், சேவை அளிப்பவருக்கு 20 லட்சம் வரையிலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று பலரும் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பொருள் வரம்பு மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டுமே. வரி விதிக்கப்படும் பொருள் ஒன்றைக் கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டியோ ஆந்திரத்தின் குப்பம் ஊருக்கோ விற்றால் அது வெளிமாநில விற்பனை; தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதே பொது விதி.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. வரியே இல்லாத பொருள்களை மட்டும் விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. பதப்படுத்தாத மாம்பழம், காய்கறி, கட்டாத பூ ஆகியவை இவ்வகையில் வரும். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களை வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. சேவைக்கும் அப்படியே, ஆகவே ஓசூரில் உட்கார்ந்து பெங்களூர் நிறுவனத்துக்குக் கணக்கு எழுதித் தருபவர் 20 லட்சம் வரை கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஊறுகாயும் பெயரிட்டுக் கட்டிய மாவும் விலக்கில் வராது. கேழ்வரகு மாவைச் சில்லறையாக அளந்து விற்றால் வரியில்லை என்பதும், அதையே பெயரும் எடையும் அச்சிட்ட பொட்டலமாக்கினால் 2022 ஜூலை முதல் வரி உண்டு என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

எங்கள் ஆலோசனை: முதல் ஆண்டு தமிழ்நாட்டுக்குள், குறிப்பாக ஓசூரில் மட்டும் விற்றுப் பாருங்கள். பெங்களூர் வாடிக்கையாளர் தொடர்ந்து வாங்குவார் என்று உறுதியான பிறகு பதிவு செய்யுங்கள். பதிவு செய்துவிட்டால் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும், தவறினால் தாமதக் கட்டணம் ஏறும்.

உத்யம் பதிவு என்பது என்ன?

சிறுதொழில் நடத்துகிறீர்கள் என்பதற்கான மத்திய அரசின் சான்று. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார், பான் எண் கொண்டு இணையத்தில் இலவசமாகப் பெறலாம். வங்கிக் கடனுக்கு உதவும். பெறுவதற்கு முன் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

எந்தக் கடன், எந்த மானியம் கிடைக்கும்?

முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் கூடுதல் வருமானம் வேண்டும் என்பவருக்குப் பெரும்பாலும் கடனே தேவையில்லை. விற்பனை ஓடத் தொடங்கி, கையால் செய்து மாளாமல் இயந்திரம் தேவைப்படும் கட்டத்தில்தான் கடனுக்குப் பொருள் உண்டு.

அந்தக் கட்டம் வந்தவர்களுக்கு முத்ரா கடன் முதல் வழி. 2015இல் தொடங்கிய இத்திட்டத்தில் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் ஈடு இல்லாமல் கடன் தரப்படுகிறது. இதில் மானியம் இல்லை. மானியம் உள்ளவற்றில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பெரியது: உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம், கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடும், பெண்கள், பட்டியல் வகுப்பினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு 35 விழுக்காடும் மானியம். மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம் உண்டு. கைவினைத் தொழில் செய்யும் 35 வயது நிறைந்தவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் கிடைக்கும். இந்த மானியத் திட்டங்களுக்குத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்டத் தொழில் மையங்களை அணுக வேண்டும். வரம்புகளும் தகுதிகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அங்கே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மானியத்தைப் பற்றி இரண்டு விவரங்கள் அதிகம் பேசப்படுவதில்லை. பிரதமரின் திட்டத்தில் மானியத் தொகை உங்கள் கைக்கு வராது. அது வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பாக நிறுத்தப்பட்டு, தொழில் நடந்துகொண்டிருப்பது உறுதியான பிறகு கடனில் கழிக்கப்படும். அதுவரை தவணையைத் தவறாமல் கட்டியாக வேண்டும். மற்றொன்று, அத்திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமானது. ஏற்கெனவே நடத்திவரும் தொழிலைக் காட்டி முதல் முறை மானியம் கேட்க முடியாது. ஆகவே பெரிய அளவில் அத்திட்டத்தின் கீழ் தொடங்கும் எண்ணம் இருந்தால், உத்யம் பதிவு செய்வதற்கு முன்பே தொழில் மையத்தில் விவரம் கேட்டுவிடுங்கள்.

மானியம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். விண்ணப்பங்கள் இணைய வழியில்தான் போகின்றன. நேர்முகத் தேர்வு இருந்தால் அதற்கு நீங்களே போக வேண்டும். கடனை வங்கிதான் முடிவு செய்கிறது. இடையில் நிற்பவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

வங்கி தரவில்லை. வட்டிக்கு வாங்கித் தொடங்கலாமா?

மூன்று வட்டிக்கு வாங்கினால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 விழுக்காடு. ஒரு லட்சம் வாங்கியவர் அசலைத் தொடாமலே மாதம் 3,000 ரூபாய் கட்ட வேண்டும். மேலே பார்த்த கேழ்வரகு மாவு வியாபாரத்தில் அந்த வட்டிக்காக மட்டுமே 108 பொட்டலங்களை நேரடியாக விற்க வேண்டியிருக்கும். ஐந்து வட்டி, பத்து வட்டி என்றால் பேசவே வேண்டாம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல்துறையில் புகார் அளிக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுவின் உள்கடனையும் வங்கி இணைப்புக் கடனையும் முதலில் பார்க்க வேண்டும். தனியார் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக் கடனைத் தொழிலுக்கென்று வாங்கிப் பள்ளிக் கட்டணம் கட்டுவது நம் பகுதியில் சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தவணையைத் தொழில் அடைக்காது.

நான் அரசு ஊழியர். செய்யலாமா?

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 முன் அனுமதியின்றி வியாபாரத்தில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. மனைவி அல்லது கணவர் உண்மையாகவே தொழில் நடத்தினால் அதை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். பெயரை மட்டும் அவருக்கு வைத்து வேலையை நீங்கள் செய்வது புகார் வரும் வரைதான் நடக்கும். தனியார் நிறுவன ஊழியர்கள் தங்கள் பணி நியமன ஆணையில் வேறு வேலை குறித்த நிபந்தனை உள்ளதா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கே தனியாக வேலை செய்து கொடுப்பது எங்கும் அனுமதிக்கப்படுவதில்லை.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இரு மாவட்டங்களிலும் உள்ளது. தையல், அழகுக்கலை, கைப்பேசி பழுதுபார்ப்பு, உணவுப் பொருள் தயாரிப்பு முதலியவற்றை உணவோடு இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். விளைபொருள் பதப்படுத்தல், காளான், தேனீ ஆகியவற்றுக்குத் தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தையும் பையூர் ஆராய்ச்சி நிலையத்தையும் கேளுங்கள். கோழி வளர்ப்புக்கு ஓசூரில் தனிக் கல்லூரியே இருக்கிறது.

பயிற்சிச் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. ஒரு பயிற்சி முடிந்த மாதத்திலேயே பத்துப் பேருக்கு விற்றுப் பார்க்காவிட்டால் அடுத்த பயிற்சிக்குப் போவதில் பயனில்லை.

ஆடு, நாட்டுக்கோழி வளர்ப்பு பாதுகாப்பான முதலீடா?

வீட்டில் பகலில் ஆள் இருந்து, மேய்ச்சலுக்கு இடமும் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று பெட்டை ஆடுகளோடு தொடங்கலாம். சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கும் எடைக்கு வளரப் பின்னும் பல மாதங்கள் ஆகும். ஆகவே முதல் ஆண்டில் வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். தீவனத்தை முழுவதும் விலைக்கு வாங்கிப் பரண்மேல் வளர்க்கும் முறையில் கணக்கு பெரும்பாலும் இடிக்கிறது. செம்மறியில் நம் வறட்சிக்குப் பழகிய மேச்சேரி இனம் இருக்கும்போது, தொலைவிலிருந்து விலையுயர்ந்த இனங்களைக் கொண்டுவரத் தேவையில்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கோழியின் வெள்ளைக் கழிச்சலுக்கும் தடுப்பூசி போடுவதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாமல் செய்யுங்கள்.

குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், வளர்த்துக் கொடுத்தால் நாங்களே அதிக விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், அதற்கு இத்தனை லட்சம் கட்டுங்கள் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் இப்படித்தான் ஈமு கோழி வியாபாரம் பரவி, 2012இல் சரிந்து, ஏராளமான குடும்பங்களின் சேமிப்பை அழித்தது. அந்தப் பறவையை உண்பதற்கு நம் ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டவர்கள் தப்பினார்கள்.

வாட்ஸ்அப்பில் விற்கிறேன். கடன் சொல்லி வாங்குகிறவர்களை என்ன செய்வது?

தெரிந்தவர்களிடம் விற்பதன் மிகப் பெரிய சிக்கல் இதுதான். "சம்பளம் வந்ததும் தருகிறேன் அண்ணா" என்று சொல்கிறவரிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியாது. பாக்கிக்கு ஒரு வரம்பை முன்பே அறிவித்துவிடுங்கள்: ஒருவருக்கு 200 ரூபாய்க்கு மேல் இல்லை, பழைய பாக்கி தீராமல் புதிய பொருள் இல்லை. இது எல்லோருக்கும் பொதுவான விதி என்று தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி க்யூஆர் அட்டையும் வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் எவ்வளவு வந்தது என்பதைத் தேட வேண்டியதில்லை.

வீட்டு மின் இணைப்பிலேயே மாவு இயந்திரம் ஓட்டலாமா?

உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்காமல் ஓட்டாதீர்கள். வீட்டு இணைப்புக்கு இலவச யூனிட்டும் குறைந்த கட்டணமும் வீட்டுப் பயன்பாட்டுக்காகத் தரப்படுபவை. வணிகப் பயன்பாடு கண்டறியப்பட்டால் கூடுதல் கட்டணம் விதிப்பார்கள். இயந்திரத்தின் குதிரைத்திறனைக் குறித்துக்கொண்டு போய்க் கேட்டால் எந்த வகை இணைப்பு தேவை என்று சொல்லிவிடுவார்கள். தொடக்கத்தில் ஊர் மாவு மில்லில் கூலிக்கு அரைத்துக்கொள்வது இதைவிட மலிவு.

இந்த வருமானத்துக்கு வரி உண்டா?

சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். மொத்த வருமானம் வரிக்குரிய அளவுக்கு வரவில்லை என்றால் கட்ட வேண்டியது எதுவும் இருக்காது. சிறு வியாபாரிகள் முழுக் கணக்கேடு வைக்காமல், வங்கி வழி வரவில் 6 விழுக்காட்டையும் ரொக்க வரவில் 8 விழுக்காட்டையும் லாபமாகக் காட்டும் உத்தேச முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சம்பளக்காரர்களுக்கான எளிய படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட முடியாது என்பதால் படிவத்தை மாற்றித் தாக்கல் செய்ய வேண்டும்.

எப்போது வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாம்? எப்போது நிறுத்த வேண்டும்?

பருவத்தைச் சார்ந்த தொழிலில் நல்ல மாதங்களை மட்டும் பார்த்து வேலையை விடக் கூடாது. தை முதல் மார்கழி வரை ஒரு முழுச் சுற்று கணக்கு வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதங்களில் மிகக் குறைந்த வருமானம் வந்த மாதத்தின் தொகை குடும்பச் செலவுக்குப் போதுமானதாக இருந்து, ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியே கையில் இருந்தால் யோசிக்கலாம். நிறுவனத்தில் கிடைத்துவந்த வருங்கால வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் நின்றுபோகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

நிறுத்துவதற்கும் முன்கூட்டியே ஓர் அளவு வைத்துக்கொள்வது நல்லது: இவ்வளவு பணம் வரை போகலாம், இந்த மாதம் வரை பார்க்கலாம் என்று தொடங்கும் நாளிலேயே வீட்டில் பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த எல்லையைத் தொட்டதும் கையிருப்புப் பொருளை அடக்க விலைக்கு விற்றுவிட்டு, பாக்கிகளை வசூலித்து, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதை முறைப்படி ரத்து செய்துவிடுங்கள். கடையை மட்டும் மூடிவிட்டுப் பதிவை அப்படியே விட்டவர்களுக்கு அபராத அறிவிப்பு பின்னாலேயே வரும்.